சைக்கிளை நாக்பூரில் விட்டுவிட்டு ஊருக்குப் போய் வருவது எப்படி: நெடும்பயண இடைவேளைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44-இன் நீளம் ஏறத்தாழ 3,745 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 80 முதல் 90 கிலோமீட்டர் வரை மிதிக்கிற சராசரிப் பயணிக்கு, ஓய்வு நாட்களையும் சேர்த்தால், இது ஒன்றரை மாதத்துக்குக் குறையாத வேலை. அந்த ஒன்றரை மாதத்துக்குள் குடும்பத்தில் ஒரு விசேஷம் வந்தே தீரும் என்பதை, செப்டம்பர் கடைசியில் ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்டபோது நான் யோசிக்கவில்லை. அம்பாலாவைத் தாண்டியிருந்த நாளில் அக்கா தொலைபேசியில் அழைத்து, தன் மகளுக்கு ஐப்பசியில் குலதெய்வக் கோயிலில் முடியெடுத்துக் காது குத்துவதாகச் சொன்னார். சித்தப்பா மகன் கல்யாணமாக இருந்திருந்தால் வாழ்த்துச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். குழந்தை உட்கார வேண்டியதே தாய்மாமன் மடி என்னும்போது எதைச் சொல்லித் தப்புவது? சைக்கிளை நாக்பூரில் விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குப் போய், பதினோரு நாட்கள் கழித்து அதே இடத்துக்குத் திரும்பிப் பயணத்தை முடித்தேன். அப்போது செய்த சரிகளையும் தவறுகளையும் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இடையில் வீட்டுக்குப் போய் வந்தால் பயணம் கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாதனைக்காக மிதிப்பவர்களுக்கு அது உண்மைதான். அவர்களுடைய கடிகாரம் காதுகுத்துக்காக நிற்பதில்லை. மற்றவர்களுக்கு வீட்டுக்குப் போவதில் கேடு ஒன்றுமில்லை, திரும்பாமல் போவதில்தான் கேடு. 1923-இல் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பிய இளைஞர்கள் ஆறு பேர். 1928-இல் சுற்றி முடித்து ஊர் சேர்ந்தவர்கள் ஆதி ஹக்கீம், ஜல் பபாசோலா, ருஸ்தம் பூம்கரா ஆகிய மூவர் மட்டுமே. ஆகவே இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு ஏற்பாடும், திரும்பி வருவதை எளிதாக்குவதற்கும் திரும்பாமல் இருப்பதைக் கடினமாக்குவதற்குமே.

முதல் வேலை: எங்கே நிறுத்துவது?

விசேஷ நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அன்றைக்கு எந்த ஊரில் இருப்போமோ அங்கிருந்து ரயில் ஏறுவதுதான் பெரும்பாலோர் செய்வது. இது தவறான வரிசை. முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஊருக்கு ஏற்றபடி முந்தைய பத்து நாட்களின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். எனக்குக் கணக்குப்படி, நாக்பூருக்கு வடக்கே உள்ள சிவனிக்கு அருகே நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் சிவனியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வர எப்படியும் நாக்பூருக்குத்தான் வர வேண்டும். திரும்பும்போது அந்தச் சிக்கல் இன்னொரு முறை வரும். மேலும், சிவனிக்கும் நாக்பூருக்கும் இடையில் சாலை பென்ச் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. விலங்குகள் கடப்பதற்காகச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கும் இடம் அது. பதினோரு நாள் உட்கார்ந்திருந்த உடம்போடு அந்தக் காட்டில் மறுபடி தொடங்குவதைவிட, உடம்பு பழகியிருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் அதைக் கடந்துவிடுவது நல்லது. அதனால் இரண்டு நாட்கள் கூடுதலாக மிதித்து நாக்பூர் வந்தேன்.

நிறுத்தும் ஊருக்கு நான்கு தகுதிகள் வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் நேரடியாகச் செல்லும் ரயில் இருக்க வேண்டும். கியர் சைக்கிளைக் கையாளத் தெரிந்த கடை இருக்க வேண்டும். சைக்கிளை நம்பி விட ஓர் இடம் கிடைக்க வேண்டும். பயணத்தின் இயல்பான மூட்டாகவும் அந்த ஊர் இருந்தால் மிக நல்லது. நாக்பூர் நான்கிலும் தேறுகிறது. டெல்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தினமும் அந்த வழியாகவே செல்கின்றன. மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு, வாரத்தில் இரண்டு நாட்கள் ஓடும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியும் இருக்கின்றன. வடக்கின் குளிருக்கான உடைகள் தேவையற்றுப்போவதும் தக்காணத்தின் மேடுபள்ளங்கள் தொடங்குவதும் ஏறத்தாழ அங்கேதான்.

இரண்டாவது: போகும் சீட்டுக்கு முன்னால் திரும்பும் சீட்டு

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஐப்பசி என்றால் தீபாவளி. தீபாவளி முடிந்து தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போகும் ரயில்கள், போகும்போது இருந்ததைவிட அதிகமாக நிரம்பியிருக்கும். எனவே திரும்பும் சீட்டை முதலில் எடுங்கள். போகும் சீட்டு கிடைக்காவிட்டால் தட்கல் இருக்கிறது. ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள், குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் அது திறக்கும். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதாருடன் சரிபார்க்கப்பட்ட கணக்கு தேவை என்பதால், நெடுஞ்சாலை ஓரத் தாபாவில் உட்கார்ந்து அதைச் செய்யப் பார்க்காமல், பயணத்துக்கு முன்பே வீட்டில் முடித்துவிடுங்கள். முயன்று பார்த்தவன் சொல்கிறேன்: ஓடிபி வந்து சேரும்போது இடங்கள் தீர்ந்திருக்கும்.

எந்த அவசரத்திலும் ‘திரும்பும் தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தேதி அச்சிட்ட சீட்டு கையில் இருப்பவரிடம் வீட்டில் யாரும் நெடுநேரம் வாதாடுவதில்லை.

மூன்றாவது: சைக்கிளை ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமா?

கொண்டுபோகலாம். ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில், உங்கள் பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால், அதே ரயிலின் பார்சல் பகுதியில் சைக்கிள் வரும். சீட்டு இல்லாமல் பார்சலாகப் பதிந்தால் வேறு ரயிலில், வேறொரு நாளில் வந்து சேரலாம். பெயர், தொலைபேசி எண், சேர வேண்டிய நிலையம் ஆகியவற்றை அட்டையில் எழுதி இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். பெடல்களைக் கழற்றி, பின்பக்கக் கியர் மாற்றியைச் சுற்றி அட்டையோ பழைய துணியோ வைத்துக் கட்ட வேண்டும்.

ஆனாலும் கொண்டுபோக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏற்றி இறக்கும்போது ஏற்படக்கூடிய சேதத்தை நினைத்துச் சொல்லவில்லை. சைக்கிள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால், நாக்பூரில் உங்களுக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. கோவில்பட்டி அதே 44-ஆம் சாலையில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து கன்னியாகுமரிக்கு இரண்டு நாள் போதும். ‘இங்கிருந்தே போய் முடித்துவிடலாமே’ என்று சித்தப்பா சொல்லும்போது அது நியாயமாகவே தோன்றும். நடுவில் விடுபட்ட ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் யார் கண்ணுக்கும் தெரியாது, உங்கள் கண்ணைத் தவிர. எனவே சைக்கிளைச் சாலையில் அடகு வைத்துவிட்டு வாருங்கள். அடகை மீட்க எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். இடைவேளை ஒரு மாதத்துக்கு மேல் நீளும், அல்லது பிரேமில் விரிசல் கண்டு பற்றவைக்க வேண்டும் என்றால் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

நான்காவது: யாரிடம் விடுவது?

ரயில் நிலைய சைக்கிள் நிறுத்தம் ஒன்றிரண்டு நாட்களுக்குச் சரி. பத்து நாள் வெயிலிலும் மழையிலும் நிற்க அது இடமில்லை. வார்ம்ஷவர்ஸ் போன்ற தளங்களின் வழியே சைக்கிள் பயணிகளுக்கு வீட்டில் இடம் தருபவர்கள் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. எனக்கு அப்படி யாரும் அமையவில்லை. இரண்டு இரவு தங்கியிருந்த லாட்ஜில், பேசி ஒரு தொகை கொடுத்துவிட்டு வந்தேன். அங்கேதான் தவறு செய்தேன். பேசியது பகல் நேர மேலாளரிடம். இரவுக்காரருக்கு விஷயம் தெரியாது. வண்டியை யாரோ மாடிப்படிக்கு அடியில், தரை துடைக்கும் ஈரத் துடைப்பங்களோடு சேர்த்துச் சாய்த்துவைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது செயின் செம்மண் நிறத்தில் இருந்தது. முன்பக்கப் பையில் நான் மறந்துவிட்டிருந்த அரைப் பொட்டலம் வறுகடலையை எலி தேடி வந்து, பையின் மூலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. கடலை ஒன்றுகூட மிச்சமில்லை. உறை மட்டும் சுத்தமாக இருந்தது.

இப்போது யார் கேட்டாலும் சைக்கிள் கடையில் விடத்தான் சொல்வேன். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு எப்படியும் சர்வீஸ் வேண்டும். வேலைக்கான கூலியோடு, வைத்திருப்பதற்கும் ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். ‘நான் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு வேலையைத் தொடங்கினால் போதும்’ என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நெருக்கடி இல்லை. வண்டியின் நிலை, திரும்பும் தேதி, பேசிய தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரின் கையெழுத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் பிரேம் எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தொலைந்தால் புகார் கொடுக்க அது ஒன்றுதான் உறுதியான அடையாளம்.

ஐந்தாவது: விடும் நாளில் செய்ய வேண்டியவை

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். எல்லாப் பைகளையும் தலைகீழாகக் கொட்டி, உண்ணும் பொருள் ஒரு துணுக்கும் இல்லையென்று உறுதி செய்யுங்கள். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பின்பக்கத்தில் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றி வைத்தால் கேபிள் இழுவை தளர்ந்திருக்கும். டயர்களில் காற்று இருக்கட்டும். காற்றில்லாத டயர் மேல் வண்டி பல நாள் நின்றால் டயரின் பக்கச் சுவர் மடிந்து விரிசல் விடும். விளக்கு, ஜிபிஎஸ் கருவி, பவர் பேங்க் போன்றவற்றை உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். விமானத்தில் போகிறீர்கள் என்றால் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது.

கூடாரம் ஈரமாக இருந்தால் சுருட்டி விட்டுவராதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். அதைவிட, கூடாரத்தையும் கம்பளி உடைகளையும் கையுறைகளையும் கனமான தூங்குபையையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஊருக்குக் கொண்டுபோய்விடுங்கள். வடக்கே தேவைப்பட்டவை தெற்கே சுமை. நான் இப்படி மூன்று கிலோவுக்கு மேல் குறைத்தேன். பதிலுக்கு ஊரிலிருந்து நல்ல மழைக்கோட்டும் பைகளுக்கு மேலுறைகளும் கொண்டுவந்தேன். நவம்பரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறவர் வடகிழக்குப் பருவமழையைச் சந்தித்தே ஆக வேண்டும். இடைவேளையால் பயணம் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போகும்போது, முன்பு போட்ட வானிலைக் கணக்கும் மாறுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாக்பூரில் ஆங்கிலேயர் காலத்து ஜீரோ மைல் கல் இருக்கிறது. நான் அதனருகில் வண்டியை நிறுத்திப் படமெடுத்து, ஜிபிஎஸ் பதிவையும் அங்கேயே முடித்தேன். திரும்பி வந்து அதே கல்லிலிருந்து தொடங்கினால் கோடு அறுபடாது.

வீட்டில் இருக்கும் நாட்கள்

ரயில் 44-ஆம் சாலையைப் பின்தொடர்வதில்லை. பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா என்று கிழக்கே ஒதுங்கிப் போகிறது. அதனால் இனி மிதிக்கப்போகும் சாலையை ஜன்னல் வழியே பார்த்துக் கலங்க வாய்ப்பில்லை, அது ஒரு வசதி. ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்தே வருவதால் கால்கள் வீங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

வீட்டு வாசலில் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, “என்னய்யா இப்பிடி எளைச்சுப் போயிட்ட?” என்பது. அடுத்தது, “போனது போதும்யா, இதோட நிப்பாட்டிக்கோ.” மூன்றாம் நாள் அப்பா பேப்பரை மடித்தபடி, “ரயில்ல வந்தா ஒரு நாளு, இதுக்குப் போயி மாசக்கணக்குல மிதிக்கணுமா?” என்றார். இவற்றுக்குப் பதில் சொல்லி வெல்ல முடியாது, வெல்லவும் வேண்டியதில்லை. திரும்பும் தேதியை வருவதற்கு முன்பே குடும்பத்தில் ஒருவரிடம், அவர் பேச்சு எடுபடக்கூடிய ஒருவரிடம், தெளிவாகச் சொல்லிவைத்திருங்கள். எனக்கு அது அக்கா. “அவன் வந்ததே எனக்காகத்தான், போயிட்டு வரட்டும்மா” என்று அவர் சொன்னதோடு பேச்சு அடங்கியது. விசேஷம் முடிந்த மறுநாளே கிளம்பினால் மனக்கசப்பு, ஒரு வாரம் கழித்துக் கிளம்பினால் உடம்பு மறுக்கும். மூன்று அல்லது நான்கு நாள் இடைவெளி சரியாக இருக்கும்.

பணக் கணக்கில் சீரையும் மொய்யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் சீராகத் தோடும் துணிமணியும் வாங்கிய பிறகு, அதுவரை சாலையில் ஆன செலவு எனக்குச் சில்லறையாகத் தெரிந்தது.

உடம்பு விஷயத்தில் முதல் மூன்று நாள் முழு ஓய்வு கொடுங்கள். சீட் உரசி வந்த புண்களைக் கிள்ளாமல், காற்றாட விட்டு ஆற்றுங்கள். ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்ததால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தால், அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அறிகுறி. ஓய்வுக்குப் பிறகும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சாலையில் நேரம் கிடைக்காது. சாப்பாட்டில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நாள் முழுவதும் மிதித்த வயிறு அதே அளவு சோற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கும், அம்மாவும் வைத்துக்கொண்டே இருப்பார். நான்காம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், கிடைக்கிற சைக்கிளில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நான் அத்தானின் பழைய வண்டியை எடுத்தேன். அதில் ஏறும் முன் சீட்டை உயர்த்த மறந்துவிடாதீர்கள், தாழ்ந்த சீட்டு முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

திரும்பியபின் முதல் மூன்று நாட்கள்

பயிற்சி நின்றால் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. தசைவலிமை அதற்குப் பின்புதான் குறையத் தொடங்கும். அதனால் இரண்டு வாரம் கழித்து ஏறும்போது, கால்கள் ‘போ’ என்னும், இதயம் ‘நில்’ என்னும். இதயம் சொல்வதைக் கேளுங்கள். நாக்பூர் சேர்ந்த நாளை, வண்டியை எடுப்பதற்கும் பைகளை மாட்டிப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதற்குமே வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் முடிந்த வண்டியில் புது பிரேக் கட்டைகள் உரசும், கியர் ஒரு பல் தள்ளி விழும்; இவையெல்லாம் ஊருக்குள் தெரிந்தால் கடைக்காரரிடம் திரும்பலாம், ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் தெரிந்தால் உங்கள் பாடு.

மறுநாள் ஹிங்கன்காட் வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் போதும். பெரிய ஏற்றங்கள் இல்லாத சாலை, இரண்டு பக்கமும் பருத்திக் காடுகள். கோவில்பட்டிக்காரனுக்கு அங்கே ஒரு வியப்பு உண்டு: காலில் ஒட்டுகிற அதே கரிசல் மண், வெடித்து நிற்கிற அதே பருத்திக் காய். வழியில் மெல்வதற்கு ஊர்க் கடலைமிட்டாய் கொண்டுபோங்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அது, வெல்லமும் நிலக்கடலையும் சேர்ந்ததால் சைக்கிள்காரருக்கு விலையுயர்ந்த எனர்ஜி பார் செய்யும் வேலையைச் செய்கிறது. வண்டியைப் பார்த்துக்கொண்டவருக்கும் ஒரு பாக்கெட் கொடுங்கள். இரண்டாம் நாள் பாண்டர்கவடா, மூன்றாம் நாள் பைன்கங்கைப் பாலத்தைக் கடந்து ஆதிலாபாத். நான்காம் நாளிலிருந்து பழைய வேகத்துக்குப் போகலாம்.

என்னைப் போல உங்கள் வீடும் இதே சாலையில் இருந்தால் கடைசியாக ஒரு குறிப்பு. நாக்பூரிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் அந்த வாசலைக் கடப்பீர்கள். காலையில் போய்ச் சேர்கிறபடி முந்தைய இரவுத் தங்கலைத் திட்டமிடுங்கள்; இருட்டியபின் போனால் தங்க நேரும், தங்கினால் மறுநாள் மழை பெய்யும், மழை பெய்தால் வெளியே விடமாட்டார்கள். நான் சாத்தூரில் தூங்கிவிட்டு, காலைப் பலகாரத்துக்கு வீட்டுக்குப் போனேன். மருமகள் திண்ணையில் உட்கார்ந்து, இன்னும் முழுதாக ஆறாத காதில் கை வைக்கக் கூடாதென்று அக்கா சொல்லியும் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல், போகும் திசையைப் பார்த்துத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். நான்கு இட்லி, ஒரு டம்ளர் காபி, அரை மணி நேரம்.